மறக்காத சொற்களும் மறந்துபோகும் சொற்களும்



"எனக்கு ஒண்டும் தலையில நிக்குதில்லை பிள்ளை. என்னை விட்டிடுங்கோ. நான் வந்து பின்னால இருந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறன்."

மாத்தளை நகருக்கு அண்மையில் நாம் நடத்திய பெண்களுக்கான ஆங்கில வகுப்பில், மூன்றாவது வாரம் ஒரு தாய் என்னிடம் இப்படிச் சொன்னார். வன்னியில் கணவரைத் தொலைத்துவிட்டு, யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பிறகு தன் தாய்வழி உறவினரைத் தேடி மாத்தளைக்கு வந்தவர் அவர். மிளகு, கறுவா தரம் பிரிக்கும் இடத்தில் நாட்கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். வகுப்புக்கு வந்த 22 பேரில் அவருக்குத்தான் அக்கறை அதிகம். அப்படிப்பட்டவரே கொப்பியை மூடி வைத்தபோது எனக்குச் சுருக்கென்றது.

பிழை அவரிடம் இல்லை, என்னிடம்தான் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மேலும் இரண்டு வாரங்கள் பிடித்தன. நான் சமூகவியல் படித்தவள். ஆங்கிலம் கற்பிக்கப் பயின்றவள் அல்ல. பாடசாலையில் எனக்கு எப்படிச் சொல்லித் தந்தார்களோ அப்படியே நானும் செய்தேன். கரும்பலகையில் 30 சொற்கள், எதிரே தமிழ்க் கருத்து, அடுத்த வாரம் ஒப்புவிக்க வேண்டும். பழங்கள், பறவைகள், நிறங்கள் என்று பட்டியல் நீண்டது. அடுத்த வாரம் கேட்டால் நான்கு சொல்லோ ஐந்து சொல்லோதான் தேறியது. ஐந்தாவது வாரம் வகுப்புக்கு வந்தவர்கள் 9 பேர்.

உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம்

அந்த 9 பேருடன் அன்று பாடம் எதையும் நடத்தவில்லை. "உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஆங்கிலச் சொற்களைச் சொல்லுங்கள். யாரும் சொல்லித் தராமல் தானாக வந்த சொற்கள்" என்று கேட்டேன்.

முதலில் சிரித்தார்கள். பிறகு ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த அக்கா ஒருவர் தொடங்கினார். பிரட்டு, லயம், செக்ரோல், டிவிசன், பீல்ட். பிரட்டு என்பது ஆங்கிலத்தின் 'பரேட்' என்ற சொல். லயம் என்பது 'லைன்'. எங்கள் பாட்டன் பாட்டிமார் வாயில் வைத்து உருட்டி உருட்டித் தமிழாக்கிவிட்ட சொற்கள் இவை. அடுத்தவர் பஸ், டிக்கட், கிளினிக், ரிசீட் என்றார். பலகை நிரம்பிக்கொண்டே வந்தது.

அந்த வன்னித் தாயின் முறை வந்தது. அவர் எழுந்து நிற்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னார்: "பங்கர். செல். பாஸ். காம்ப். ரோக்கன்." சற்று நேரம் கழித்து, "மிசிங்."

வகுப்பில் யாரும் பேசவில்லை. நான் அந்தச் சொற்களையும் பலகையில் எழுதினேன். அவற்றை எழுதாமல் விட எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

அன்று இரவு எனக்கு வந்த யோசனை இதுதான். இந்தச் சொற்களை அவருக்கு யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. ஒப்புவிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சொல்லையும் அவர் மறக்கவில்லை. காரணம் என்ன? அச்சொற்கள் அவருடைய வாழ்க்கையில் தேவைப்பட்டன. ஒரு நாளில் பல தடவை காதில் விழுந்தன, வாயில் வந்தன. ஒவ்வொரு சொல்லோடும் ஓர் இடம், ஒரு சத்தம், ஒரு முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் 'தலையில் எதுவும் நிற்பதில்லை' என்பது உண்மையல்ல. தேவையோடும் வாழ்க்கையோடும் சேராத சொல் நிற்பதில்லை என்பதே உண்மை. பயம் கற்பித்த முறையில் உள்ள பயனை எடுத்துக்கொண்டு, பயத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கற்பிக்க முடியாதா?

மறதி ஒரு நோயல்ல

மறதியைப் பற்றி முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் ஜேர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பவர். பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் நூலாக வெளியிட்டார். படித்தவற்றில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் நழுவியது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதன் பின் மறதியின் வேகம் குறைந்தது. இப்படி மறந்தவர் ஒரு பேரறிஞர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மறப்பது மனித மூளையின் இயல்பு. அது நமது படிப்பறிவின் குறைபாடு அல்ல.

எமக்கு இன்னொரு பாரமும் உண்டு. குண்டுச் சத்தத்துக்கும் இழப்புக்கும் நடுவே வாழ்ந்தவர்களின் உடம்பு, ஆபத்து நீங்கிய பின்பும் விழிப்பாகவே இருக்கும். சரியான உறக்கம் வராது. கவனம் சிதறும். பகலில் படித்தது மனதில் படிய உறக்கம் வேண்டும். ஆகவே மறதியைக் கண்டு உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். கெட்ட கனவும் உறக்கமின்மையும் விடாமல் தொடருமானால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். காய்ச்சலுக்குப் போவது போலத்தான் இதுவும்.

நமது சமூகத்தின் ஞாபகசக்தி சிறியதல்ல. தோட்டத்தில் காமன் கூத்தை இரவிரவாகப் பாடுபவர்கள் எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள்? மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே சற்றுத் தூரம் போனால் அலுவிகாரை இருக்கிறது. புத்த சமய நூலான திரிபிடகம் முதன்முதலில் ஓலையில் எழுதப்பட்ட இடம் அதுவே என்பது மரபு. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் அது நடந்தது. அதுவரை பல தலைமுறைகளாகப் பிக்குமார் அதனைக் கூட்டாக ஓதி ஓதியே மனதில் காத்து வந்தார்கள். போரும் பஞ்சமும் வந்து, ஓதத் தெரிந்தவர்கள் அழிந்துவிட்டால் எல்லாமே அழிந்துவிடும் என்ற பயம் வந்தபோதுதான் எழுதி வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. கூடியிருந்து சொல்லிப் பார்ப்பது, எழுதியும் வைப்பது ஆகிய இரண்டையும் நமது வகுப்பிலும் செய்வோம் என்று தீர்மானித்தோம்.

எந்தச் சொல்லை முதலில் படிப்பது?

பழங்களையும் பறவைகளையும் அழித்தோம். "உங்கள் கைப்பையில், அலுமாரியில் இருக்கும் ஆங்கிலக் கடதாசிகளைக் கொண்டு வாருங்கள்" என்றேன். கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், மருந்துப் பெட்டி, மின்சாரக் கட்டணப் பட்டியல், பிள்ளையின் பாடசாலைக் கடிதம், கடன் பத்திரம் எல்லாம் வந்தன. அவைதான் எங்கள் பாடப்புத்தகம்.

மைக்கல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியப் பணி செய்தவர். ஆங்கிலத்தில் அடிக்கடி பயன்படும் ஏறத்தாழ 2,000 சொற்களைத் தொகுத்து 1953இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். இலட்சக்கணக்கான சொற்கள் உள்ள மொழியில் அன்றாட வாசிப்பின் பெரும்பகுதியை இச்சிறு தொகையே சுமக்கிறது. நாளுக்கு 3 சொல் என்று படித்தால் ஒரு வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டலாம். இரண்டு வருடத்தில் 2,000 கைக்கு வந்துவிடும். நாளுக்கு 30 வேண்டாம், 3 போதும்.

ஒரு சொல்லைப் படிக்கும்போது அதன் குடும்பத்தையும் பாருங்கள். 'பே' என்றால் செலுத்து. 'பேமன்ட்' செலுத்தும் பணம். 'பேயி' பணம் பெறுபவர். 'ரீபே' திருப்பிச் செலுத்து. வேர் ஒன்று தெரிந்தால் கிளை நான்கு தெரியும்.

சில ஆங்கிலச் சொற்கள் நம் வீட்டிலிருந்து போனவை. 'கறி' நம்முடைய கறிதான். 'மேங்கோ' மாங்காயிலிருந்து போனது. 'செரூட்' சுருட்டு. 'கட்டமரான்' கட்டுமரம். 'மலிகடோனி' என்ற சூப் நமது மிளகுத்தண்ணீர். 'ஜிஞ்சர்' என்ற சொல்லின் மூலத்தை ஆராய்ந்தவர்கள் அதில் இஞ்சியையும் வேரையும் காண்கிறார்கள். இதைச் சொன்னபோது மிளகு தரம் பிரிக்கும் அந்தத் தாய், "அப்ப எங்கட சாமானை வாங்கித்தான் அவையள் எங்களுக்கே விக்கினமோ" என்றார். முதன்முறையாக அவர் வகுப்பில் சிரித்ததை அன்று பார்த்தேன்.

சொல்லுக்கு ஒரு கொக்கி

புதிய சொல்லைத் தெரிந்த சொல்லின் ஒலியோடு மாட்டி, மனதில் ஒரு படம் வரைந்துகொள்வது ஒரு நல்ல வழி. அமெரிக்காவில் அட்கின்சன், ராவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1975இல் இதனைச் சோதித்தார்கள். மாணவர்களுக்கு 120 ரஷ்யச் சொற்களைக் கொடுத்தார்கள். ஒலிக் கொக்கியும் படமும் வைத்துப் படித்தவர்கள் நூற்றுக்கு 72 வீதம் நினைவில் வைத்திருந்தார்கள். வழமை போலப் படித்தவர்கள் 46 வீதம்தான்.

எங்கள் வகுப்பு உண்டாக்கிய சில கொக்கிகள் இவை.

'எக்ஸ்பயரி' என்பது மருந்தின் காலாவதி. இதற்குள் 'பயறு' இருக்கிறது. வண்டு விழுந்த பயற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் கடந்துவிட்டது, வீசிவிட வேண்டும்.

'டோஸ்' என்பது ஒரு வேளைக்குரிய மருந்தின் அளவு. 'தோசை' என்று பிடித்துக்கொண்டோம். ஒரு வேளைக்கு எத்தனை தோசை?

'இன்ரெஸ்ட்' என்றால் ஆர்வம் என்றும் பொருள், வட்டி என்றும் பொருள். கடன் தருபவருக்கு நம் மேல் உள்ள ஆர்வம்தான் வட்டி என்றார் ஒரு சகோதரி. அதன் பிறகு இரண்டு பொருளையும் யாரும் மறக்கவில்லை.

'கரண்டர்' என்ற சொல்லின் கதை சற்று வேறு. கடன் வாங்குபவருக்காகப் பிணை நிற்பவர் என்பது அதன் பொருள். வகுப்பிலிருந்த தோட்டத்து அக்கா ஒருவர், பக்கத்து வீட்டுப் பெண் எடுத்த கடனுக்கு ஆங்கிலப் பத்திரமொன்றில் கையெழுத்து வைத்திருந்தார். "சாட்சிக் கையெழுத்துன்னுதான் மிஸ் சொன்னாங்க" என்றார். கடன் எடுத்தவர் ஊரை விட்டுப் போய்விட்டார். கடன் கொடுத்தவர்கள் இவர் வாசலுக்கு வந்தார்கள். தோடு அடகுக்குப் போனது. அந்தப் பத்திரத்தை அவர் வகுப்புக்குக் கொண்டு வந்து விரித்தபோது, அவருடைய கையெழுத்துக்குக் கீழே அச்சில் இருந்தது அந்தச் சொல்தான்.

கொக்கியை அவரே சொன்னார்: "கரண்டி. பானை வேற யாரோடயோ. கொதிச்சுப் பொங்கினா கரண்டி புடிச்சவ கைதான் சுடும்." அந்தச் சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான படத்தை என்னால் தந்திருக்க முடியாது. உங்கள் கொக்கியை நீங்களே செய்யுங்கள். அடுத்தவர் செய்ததை விட அதுதான் நிற்கும்.

ஒலிக் கொக்கி ஞாபகத்துக்கு மட்டும்தான். சரியான உச்சரிப்பைத் தெரிந்தவரிடம் கேட்டுப் பல தடவை சொல்லிப் பழக வேண்டும்.

மூன்று தட்டுப் பெட்டி

சொல்லைப் படித்தாயிற்று. மறக்காமல் எப்படிக் காப்பது? மறக்கப் போகும் தறுவாயில் ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால் அது முன்னரை விட நீண்ட காலம் நிற்கும். ஒரே நாளில் இருபது தடவை எழுதுவதை விட, இன்று, நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று ஐந்து தடவை பார்ப்பது மேல். செபஸ்தியான் லைட்னர் என்ற ஜேர்மன் எழுத்தாளர் 1972இல் இதற்கென ஓர் அட்டைப் பெட்டி முறையை விளக்கினார். அதை நாம் நமது வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டோம்.

தேயிலைப் பக்கற் அட்டை, பழைய கலண்டர் தாள் போன்றவற்றைத் தீப்பெட்டி அளவில் வெட்டுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல். மறுபக்கம் தமிழ்க் கருத்தும், உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சிறு வசனமும். சப்பாத்துப் பெட்டி ஒன்றை மூன்று தட்டாகப் பிரியுங்கள்.

முதல் தட்டை ஒவ்வொரு நாளும் பாருங்கள். கருத்து உடனே நினைவுக்கு வந்த அட்டை இரண்டாம் தட்டுக்குப் போகட்டும். இரண்டாம் தட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் பாருங்கள். அதிலும் தேறியது மூன்றாம் தட்டுக்குப் போகும். அதனைப் போயா தினத்தில் மட்டும் பார்த்தால் போதும். எந்தத் தட்டிலாவது மறந்த அட்டை மீண்டும் முதல் தட்டுக்கு வர வேண்டும். இது தண்டனை அல்ல. அடிக்கடி பார்க்க வேண்டிய பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

முக்கியமான விடயம் ஒன்று. அட்டையைத் திருப்பிப் பார்க்கும் முன் நீங்களாகக் கருத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பது படித்துவிட்டது போன்ற ஓர் எண்ணத்தை மட்டும் தரும். ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது தம்மைத் தாமே கேள்வி கேட்டுப் பழகியவர்கள்தான் முந்தினார்கள்.

தனியே நேரம் கிடைக்காது என்பீர்கள். தனியே நேரம் வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கும் நிரையில் ஒருவர் தமிழில் கேட்க மற்றவர் ஆங்கிலத்தில் சொல்லலாம். தண்ணீர்ப் பீலியடியில் சொல்லலாம். வீட்டுப் பாடம் செய்யும் பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்து உங்களைக் கேட்கச் சொல்லலாம். அம்மாவுக்கு 'டீச்சர்' ஆவதில் பிள்ளைக்கு மகிழ்ச்சி. அதன் படிப்பும் வளரும்.

கிளினிக் கொப்பியில் நீங்கள் காணும் இரண்டு குறியீடுகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 'பீ.டீ.' என்று எழுதியிருந்தால் நாளுக்கு இரண்டு தடவை. 'ரீ.டீ.எஸ்.' என்றால் மூன்று தடவை. இவை இலத்தீன் மொழிச் சுருக்கங்கள். ஆயினும் மருந்து விடயத்தில் சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் மருந்து கொடுப்பவரிடம் கேளுங்கள். கேட்பது வெட்கமல்ல.

ஆங்கிலம் தெரியாவிட்டாலும் உரிமை உண்டு

இதனைப் படித்துவிட்டு, 'ஆங்கிலம் படித்தால்தான் அலுவலகத்தில் மதிப்பார்கள்' என்று எண்ண வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின்படி, மாத்தளை போன்ற சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் மாவட்டங்களிலும் அரச அலுவலர்களோடு தமிழில் கருமமாற்ற நமக்கு உரிமை உண்டு. தமிழ்ப் படிவம் கேளுங்கள். மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். ஆங்கிலம் நமது கையில் இன்னொரு திறப்பு. அது இல்லாதவருக்குக் கதவை மூடிவைக்க யாருக்கும் உரிமையில்லை.

பிறகு என்ன நடந்தது?

எல்லோரும் ஆங்கிலம் பேசினார்கள் என்று எழுதினால் அது பொய். வகுப்புக்கு மீண்டும் வந்து சேர்ந்தவர்களோடு கடைசி வரை இருந்தவர்கள் 16 பேர். 60 வயதைத் தாண்டிய பாட்டி ஒருவருக்கு எழுத்துக்கூட்டல் வரவேயில்லை. ஆனால் மருந்துப் பெட்டியில் 'எக்ஸ்பயரி' எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஆறாவது மாதம் தோட்டத்தில் இன்னொரு கடன் குழு கூடியது. எங்கள் வகுப்பிலிருந்த இளம் பெண் ஒருவரிடம் பத்திரத்தை நீட்டி, சாட்சிக் கையெழுத்துத்தான் என்றார்களாம். அவர் விரலால் வரி வரியாகத் தேடிப் பார்த்துவிட்டு, "இதுல கரண்டின்னு போட்டிருக்கு. நான் வைக்க மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முன்பு கை சுட்டுக்கொண்ட அக்கா இதை வகுப்பில் வந்து சொன்னபோது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

வன்னித் தாயின் பெட்டியை வகுப்பு முடிந்த நாளில் பார்த்தேன். மூன்றாம் தட்டில் 140 அட்டைகளுக்கு மேல் இருந்தன. வங்கிச் சொற்கள், கிளினிக் சொற்கள், கறுவா, ஏலம், சாதிக்காய்க்குரிய பெயர்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் தனியே ஓர் அட்டை இருந்தது. 'மிசிங்' என்று எழுதியிருந்தது. பின்பக்கத்தில் தமிழ்க் கருத்து இல்லை. வசனத்துக்குரிய இடத்தில் ஆங்கிலத்தில் அவரே எழுதிய ஒரு வரி மட்டும் இருந்தது. என் கணவரை நான் இன்னும் தேடுகிறேன் என்பது அதன் பொருள்.

"இதை மட்டும் நான் பெட்டியில வச்சுப் பாக்கத் தேவையில்லை பிள்ளை" என்றார். "ஆனா இனி எந்தக் கந்தோரில கேட்டாலும் வேற ஆக்களைப் பிடிக்காமல் நானே எழுதிக் குடுப்பன்."

சகோதரிகளே, இன்றே ஓர் அட்டையை வெட்டுங்கள். உங்கள் கைப்பையில் இருக்கும் கடதாசியிலிருந்து மூன்று சொற்களை எடுங்கள். நாளை காலையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் அவற்றைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மறந்திருந்தால் கவலை வேண்டாம். ஒன்று நின்றிருக்கும். அதிலிருந்து தொடங்குவோம்.